நாற்பத்தொரு கொட்டாவி

ஒரே நாளில் நாற்பத்தொரு கொட்டாவி விட்டதாக என்மேல் அறிக்கை வந்தது. ஒன்பது வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன், ஒரு கண்ணாடிகூட உரசியதில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மேலாளர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே போன மாதம் பொருத்திய கேமரா, ஓட்டுநரின் வாயையும் கண்ணையும் பார்த்தே தூக்கக் கலக்கத்தைக் கண்டுபிடித்துவிடும் என்றார். வெள்ளிக்கிழமைக்குள் நான் சரியான விளக்கம் தராவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி டிக்கெட் கவுண்டரில் உட்காரவைப்பாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவுண்டரில் உட்காரவா மாமியாரோடு ஒரு வருடம் மல்லுக்கு நின்று லைசென்ஸ் எடுத்தேன்?

அறிக்கையோடு வந்த வீடியோவை வீட்டில் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. என் வாய் மட்டும் குகை மாதிரி திறந்திருந்தது. நாத்தனார் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இது கொட்டாவி இல்ல. நீங்க பாடுறீங்க."

அட, ஆமாம். வண்டி மேம்பாலம் ஏறினால் எனக்குப் பாட்டு தானாக வரும். ஒரு 'ஆ' எடுத்தால் பாலம் இறங்கும்வரை விடமாட்டேன். பயணிகள் யாரும் இதுவரை காதைப் பொத்தியதில்லை. கேமராவுக்குத்தான் காது கிடையாதே.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறையில் கேமரா கம்பெனிக்காரரும் இருந்தார். மேசைமேல் ஒரு கேமராவை வைக்கச் சொல்லி, அதன் முன்னால் உட்கார்ந்து பாடினேன். திரையில் சிவப்பாக 'கொட்டாவி' என்று வந்தது. ஒரு பாட்டுக்கு ஆறு. கம்பெனிக்காரர் கீபோர்டில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார்.

அப்போது 'கட்டில்' உள்ளே வந்தார். எங்கே உட்கார்ந்தாலும் கண்ணயர்ந்துவிடுவதால் அந்த ஓட்டுநருக்கு டிப்போவில் அதுதான் பெயர். இந்த மாதம் ஒரு கொட்டாவிகூட விடாதவர் என்று அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ். வாங்கிக்கொள்ள வந்திருந்தார். நான் எழுந்து என் நாற்காலியில் அவரை உட்காரவைத்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கட்டில் கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டார். மரியாதை தெரிந்த மனிதர், புறங்கையால் வாயை நன்றாக மூடிக்கொண்டுதான் விட்டார். திரையில் பச்சையாக 'விழிப்பு' என்று வந்தது. இன்னொரு கொட்டாவி. இன்னொரு 'விழிப்பு'.

மேலாளர் சான்றிதழைத் திருப்பி மேசைமேல் கவிழ்த்தார். கட்டிலை இரண்டு நாள் லீவு போட்டு வீட்டில் தூங்கச் சொன்னார். பிறகு என் வண்டிச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்.

"இவங்க இதைச் சரி பண்ற வரைக்கும், வாயை மூடிக்கிட்டு ஓட்ட முடியாதாம்மா?"

"வாயை மூடினாத்தான் சார் எனக்குத் தூக்கம் வரும்."

சாவியைக் கொடுத்துவிட்டார்.