தலைகீழாய் நின்ற யானை

பல் டாக்டரோடு செஸ்ஸில் இதுவரை பதினொரு முறை மோதியிருக்கிறேன். பதினொன்றிலும் மண்ணைக் கவ்வினேன். ஒர்க்‌ஷாப்புக்கு அவர் கார் வந்தால் ஒழுங்காகத்தான் ரிப்பேர் பார்த்துக் கொடுப்பேன். ஆனால் ஜெயித்ததும் அவர் சிந்தும் அந்தப் புன்னகையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று போட்டியின் கடைசிச் சுற்று, எதிரே அவரேதான். கிளப் அணியில் ஒரே ஓர் இடம் பாக்கி. டிரா ஆனாலே அது அவருக்கு. நான் ஜெயித்தே தீர வேண்டும். ஆறு வருஷமாக அந்த இடத்துக்குத்தான் நாயாய் அலைகிறேன்.

மூன்றரை மணி நேரம் முட்டிமோதி, பலகையில் மிஞ்சியது மூன்றே காய். அவர் ராஜா, என் ராஜா, என் ஒற்றைச் சிப்பாய். இன்னும் ஒரே கட்டம், ஏறினால் ராணி! கடிகாரத்தில் எனக்கு ஒன்பது நொடி.

ஏற்றிவிட்டேன். ராணியைக் காணோம்! எப்போதோ வெட்டிய என் ராணியை டாக்டர் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். கேட்டு வாங்க நேரமேது? மேசையில் கிடந்த என் யானையைப் பிடுங்கித் தலைகீழாக நிறுத்திக் கடிகாரத்தை அடித்தேன். எங்கள் கிளப்பில் தலைகீழ் யானை என்றால் ராணி.

டாக்டர் கையைத் தூக்கினார். "நடுவர் சார், இவர் யானையை வெச்சிருக்காரு. இது ராணி இல்ல."

"அநியாயம் பண்ணாதீங்க டாக்டர்! கிளப்புல நீங்களும் இப்படித்தானே வெப்பீங்க?"

"இது போட்டிங்க. எப்படி வெச்சாலும் யானை யானைதான்" என்று நடுவர் அதை நிமிர்த்தி வைத்தார்.

இனி யானையை வைத்து ராஜாவைத் துரத்த வேண்டும். மிச்சம் நான்கே நொடி. போச்சு, எல்லாம் போச்சு!

ஆனால் டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. நானும் பலகையைப் பார்த்தேன். முன்கூட்டியே கண்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அங்கே ராணி நின்றிருந்தால் அவர் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர ஒரு கட்டமும் இல்லை. அந்த நொடியே டிரா. யானை என்பதால் ஓரத்தில் ஒரே ஒரு கட்டம் திறந்திருந்தது.

வேறு வழியில்லாமல் ராஜாவை அங்கே தள்ளினார். நான் யானையை அந்த ஓரத்துக்கு இழுத்தேன்.

"மேட்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டுமே!

டாக்டர் கை கொடுத்தார். "நானே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்."

"இல்லைன்னா நான் எங்க ஜெயிச்சேன்!" என்று அவர் கையை விடாமல் குலுக்கினேன்.