பின்தெருவில் நின்றுபோன வெயில்

பெரிய கம்பெனியின் பன்னிரண்டு மாடிப் பசுமைக் கட்டடம் திறக்கப்பட்ட திங்கட்கிழமை முதல், அதன் பின்தெருவின் கடைசி வீட்டில் பொழுது சாயவில்லை. மற்ற வீடுகளுக்கு வழக்கம்போல ஆறரைக்கு இருட்டியது. அந்த வீட்டின் மேல் மட்டும் உச்சிவெயில் அசையாமல் நின்றது. அங்கே ஒரு தையற்காரியும் லாரி ஓட்டும் அவள் கணவரும் குடியிருந்தார்கள். கட்டடத்தை வரைந்த இன்ஜினியர் தையற்காரியின் கூடப்பிறந்த தம்பி.

கட்டடம் மழைநீரைச் சேர்த்தது, மொட்டைமாடியில் கரண்ட் தயாரித்தது. அதன் கண்ணாடிச் சுவர்கள் வெயிலை உள்ளே விடாமல் திருப்பியடித்தன. ஏசி ஓடும் நேரம் பாதியாகக் குறைந்தது. வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். திருப்பியடித்த வெயில் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்ஜினியருக்குத் தெரியும். வரையும்போதே கம்ப்யூட்டர் திரையில் அக்கா வீட்டுக் கூரை சிவப்பாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். ஆனால் திறப்புவிழா தள்ளிப்போகும். "பின்புறம் பாதிப்பில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். தினமும் ஒரு மணிநேரம் விழுமா, விழட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். வந்த வெயில் அங்கேயே குடியேறிவிடும் என்று அவன் கண்டானா?

இரண்டு வருடம் அவன் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. தெருக்காரர்கள் அந்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டார்கள். மாமா கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினார். வீட்டுக் கோழி எப்போது அடைவதென்று தெரியாமல் நின்றபடியே இளைத்தது. அக்காவுக்கு வலது கண் மங்கியது.

கம்பெனிக்கு விருது கொடுத்த விழாவில் அவனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட அக்கா எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவன் கூனிக்குறுகிப் போனான். விருதை வாங்கக் கை எழவில்லை.

மறுநாள் காலை அக்கா வீட்டு வாசலில் போய் நின்றான். "அக்கா, இந்த வெயில் நான் அனுப்பினது. தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன்."

அவள் மிஷினை மிதிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்டா. அந்தப் பேப்பர ஆபீஸ் வாசல்லயே ஒட்டியிருந்தாங்க. உங்க மாமா படிச்சுக் காட்டினார்."

"அப்புறம் ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன். சரி, உள்ள வா. கால் சுடும்."

அவனுக்கு உள்ளே போக முகமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கொப்பளிக்கும்வரை அங்கேயே நின்றான். அவள்தான் எழுந்து வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாரமே கம்பெனிக்கு உண்மையை எழுதிக் கொடுத்தான். வேலை போனது. பின்பக்கக் கண்ணாடிகளை மாற்றினார்கள். வெயில் மட்டும் போகவில்லை. இரண்டு வருடப் பழக்கம். அவன் தினமும் வந்து கூரைக்குத் தண்ணீர் தெளித்தான், அக்காவின் முகத்தைப் பார்க்காமலே பேசினான். அடுத்த வருடம் நகராட்சி ஆட்கள் வந்து, இந்த வீட்டுக்கு எதற்கு என்று எதிரிலிருந்த விளக்குக் கம்பத்தைப் பிடுங்கி அடுத்த தெருவில் நட்டார்கள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.