சுகம் என்று சொன்னவர்

மேசை நடுவிலிருந்த ஒலிபெருக்கித் தொலைபேசியில் ஒட்டாவா அதிகாரி தட்டுத்தடுமாறி வாசித்தார்: "சுகமா இருக்கிறீங்களா?" மொன்றியல் சுகாதார அலுவலகத்தில் வேலைசெய்யும் அஜிதா எழுதிக்கொடுத்த வாக்கியம்தான். ஆங்கில நாக்கில் உருண்டு வந்தபோது வேறு யாரோ எழுதியதுபோல் அவளுக்கு இருந்தது.

2005 செப்டெம்பர். ஆண்டு முடிவில் மொன்றியலில் காலநிலை மாநாடு. கூடிவரும் வெப்பத்துக்கு மக்களை எப்படித் தயார்ப்படுத்துவது என்று சில அரசுகளின் அலுவலர்கள் தொலைபேசியில் கூடிக்கூடிப் பேசினார்கள். பேசுவதற்கு மட்டும் அரசுகளுக்குச் சலிப்பதேயில்லை. ஒவ்வொரு நாடும் நல்ல முன்மாதிரி ஒன்று தரவேண்டும். கனடா தந்தது இது: கடும் வெப்ப நாட்களில் தனித்திருக்கும் முதியவர்களின் கதவைத் தட்டி, அவரவர் மொழியில் நலம் விசாரிப்பது. தமிழ் வீடுகளில் ஒருவர் விடாமல் சுகம் என்றிருக்கிறார்கள், இதைவிட என்ன பலன் வேண்டும் என்றார் ஒட்டாவாக்காரர். மற்ற நாடுகளுக்கும் அனுப்பிவிடலாமா? இன்றே முடிவெடுக்க வேண்டும்.

வாசலில் வந்து நலம் கேட்பவரிடம் எந்தத் தமிழர் சுகமில்லை என்பார்? காய்ச்சலில் கிடந்தாலும் முதலில் சுகம், மற்றதெல்லாம் பிறகு. அஜிதாவுக்குத் தெரியாததா? எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை மாதக் கடும் வெப்பத்தில், மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் மூன்றாம் மாடி வீட்டில், அவளுடைய அப்பா அல்பேட்டும் சுகம் என்றுதான் சொன்னார். மறுநாள் காலை உயிரோடு இல்லை. அடக்கம் முடிந்தும் அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்று கதவைத் தட்டியவர் கிறேஸ் அன்ரி, அவர்களுடைய தேவாலயப் பங்கிலிருந்து இந்த வேலைக்கு உதவப் போனவர். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோயில் வாசலில் அஜிதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கேட்டனான் பிள்ளை. சுகம் எண்டவர். வெயிலுக்கை வந்தனீங்கள் எண்டு எனக்குத் தண்ணி கொண்டந்து தந்தவர். கை நடுங்கி அரைவாசி சேட்டிலை ஊத்துண்டது. நான் வயசு எண்டு நினைச்சிட்டன்."

"நீங்கள் என்ன செய்யிறது அன்ரி. நான் கேக்கச் சொன்னதைத்தானே கேட்டனீங்கள்."

"எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்றது இப்போது மேசையிலிருந்த தொலைபேசி.

இல்லை என்றாள் அஜிதா. தன் அப்பாவும் சுகம் என்றுதான் சொன்னார், மறுநாள் காலை உயிரோடு இல்லை என்றாள். குரல் நடுங்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக அனுதாபம் சொன்னார்கள். அப்படியானால் என்னதான் கேட்பது என்றார் நெதர்லாந்துக்காரி.

எங்கள் வீடுகளில் நலம் கேட்காதீர்கள், குடிக்கத் தண்ணீர் கேளுங்கள் என்றாள் அஜிதா. எப்படி எழும்புகிறார்கள், எப்படி நடக்கிறார்கள், கோப்பையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்.

தண்ணீர் கேட்பதெல்லாம் அரசு ஆவணத்தில் வரலாமா, வந்தால் அது சுகாதார அமைச்சின் வேலையா சுற்றாடல் அமைச்சின் வேலையா என்று கொஞ்சநேரம் இழுபறிப்பட்டார்கள். கடைசியில் பழைய கேள்வியை எடுத்துவிடச் சம்மதித்தார்கள். புதியது மாலைக்குள் வேண்டும்.

அஜிதா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தட்டச்சு செய்தாள். சரியாக ஒலிக்கிறதா என்று ஒருதரம் வாய்விட்டு வாசித்தாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களோ?"

அப்பா கதிரையின் கையைப் பிடித்து ஊன்றும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

"எழும்பாதேங்கோ அப்பா" என்றாள், திரையைப் பார்த்து.