கரைக்கு வராத வஞ்சிரம்

ஊரூர்க் குப்பத்து மணலில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள் மீன்காரி தேவானை. அலைக்கு அந்தப் பக்கம், கட்டுமரத்தில் பக்கிரி. அவன் பிடித்த வஞ்சிரம் அவனைவிட ஒரு சாண் நீளம். மீனுக்கு இடம் விட்டு, அவன்தான் நுனியில் ஒடுங்கிக் கிடந்தான்.

ஏழு வருஷமாகப் பக்கிரி பிடிப்பதைத் தேவானைதான் விற்கிறாள். அவன் வேறு ஆளுக்குக் கொடுப்பதில்லை, அவள் வேறு ஆளிடம் வாங்குவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம். இன்று அடையாற்றுத் துரை பங்களாவில் விருந்து. பத்து மணிக்குள் மீன் போகாவிட்டால் பங்களா வாடிக்கை இன்னொரு மீன்காரி முத்தம்மாவுக்குப் போய்விடும். இது பக்கிரிக்கும் தெரியும். அதனால்தான் அவன் கரைக்கு வரவில்லை.

“மூணு பங்கு வெலை! சரின்னு சொல்லு, வந்துடறேன்!”

“யோவ், பகல் கொள்ளையா இது?”

“போன மாசம் நெத்திலி மலையாட்டம் வந்தப்போ நீ இன்னா சொன்னே? ‘நாறப்போவுது, குடுத்தத வாங்கிக்கினு போ’ன்னியே!”

தேவானைக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் அது வியாபாரம்; இது அநியாயம்.

வெயில் ஏறியது. பங்களா பட்லர் வேதநாயகம், வெள்ளைச் சட்டையும் பித்தளைப் பொத்தானுமாக, தானே வந்து நின்றார்.

“பட்லர் ஐயா! மூணு பங்கு வெலைக்கு நேரா எங்கிட்டயே வாங்கிக்கங்க! நடுவுல இவ இன்னாத்துக்கு?” என்று கத்தினான் பக்கிரி.

சத்தியம் பண்ணின அதே வாய்தான்.

பட்லர் யோசித்தார். பூட்ஸைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு கடலில் இறங்கினார். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையை நீட்டினார். பக்கிரி மீனை நீட்டினான். அந்த நேரம் பார்த்து ஓர் அலை எழுந்தது. சாந்தோம் கோபுரம் அரை நிமிஷம் தெரியவில்லை. பட்லர் ஒரு பக்கம், பூட்ஸ் ஒரு பக்கம், கட்டுமரம் ஒரு பக்கம். வஞ்சிரம் மட்டும் நேராகத் தேவானையின் காலடிக்கு வந்து படுத்துக்கொண்டது.

அலை ஒதுக்கியது எடுத்தவருக்கே என்பது குப்பத்துச் சட்டம். பக்கிரியின் பாட்டன் இப்படித்தான் ஒரு கப்பல் நாற்காலியை எடுத்து, சாகும்வரை அதில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பேரன் என்ன வழக்குப் பேச முடியும்?

“நாலு பங்கு வெலை ஐயா” என்றாள் தேவானை.

பட்லர் உப்புத்தண்ணீரைத் துப்பினார். “மூணுன்னுதானே பேச்சு?”

“அது கடல்ல கீற மீனுக்கு. இது கரைக்கு வந்த மீனு.”

பணம் துரையுடையது. பட்லர் தலையாட்டிவிட்டு, வெறுங்காலோடு சுடுமணலில் குதித்துக் குதித்து நடந்தார்.

எதிரே பக்கிரி நின்றான். கையில், கரை ஒதுங்கிய பூட்ஸ் ஜோடி.

“இதுக்கு இன்னா தர்றீங்க ஐயா?”