சங்கங்குப்பி இல்லை, தில்லை

"ஏதோ பூச்சி கடிச்சிடுச்சுங்க," என்று மயிலம்மாள் நர்ஸிடம் சொன்னாள். அவளுடைய வலது கண் வீங்கி மூடிக் கிடந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொப்புளம்.

பக்கத்தில் நின்ற மகள் பானுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பூச்சி இல்ல சிஸ்டர். அரிப்புக்கு ஒரு இலையை அரைச்சுப் பூசியிருக்காங்க. அந்தக் கையோட கண்ணைக் கசக்கிட்டாங்க."

"சும்மா இருடி. தம்பி கடைப் பேரு கெட்டுடும்."

அம்மாவுக்கு இலையைக் கொடுத்தது யாரென்று பானுமதிக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடந்த கொத்தை ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அவள் ஒரு கல்லூரியில், காய்ந்த செடிகளை அட்டையில் தைத்துப் பெயர் எழுதி வைக்கும் வேலையில் இருந்தாள். ஒன்பது வருஷமாகிறது. அந்த இலையைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

டாக்டர் கண்ணைக் கழுவி மருந்து விட்டார். இரண்டு மூன்று நாளில் பார்வை தெளிந்துவிடும் என்றார். பக்கத்து வீட்டு ஜோதியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, பானுமதி புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ பிடித்து காந்தி மார்க்கெட்டுக்குப் போனாள்.

தம்பி அரவிந்தன் கீரையும் மூலிகையும் விற்கிற கடை. முன்னால் கூடையில் அதே இலை, கட்டுக் கட்டாக.

"என்னடா இது?"

"சங்கங்குப்பிக்கா. முத்துப்பேட்டை போனப்போ கடலோரத்துல நானே பறிச்சேன். சொறி, அரிப்புக்கு..."

"சங்கங்குப்பிக்கு இலை ரெண்டு ரெண்டா எதிரெதிரா இருக்கும். இதைப் பாரு, மாத்தி மாத்தி இருக்கு." கவருக்குள்ளே கை படாமல் காம்பை ஒடித்தாள். வெள்ளையாகப் பால் துளிர்த்தது. "தில்லைடா இது! இந்தப் பால் கண்ணுல பட்டுடும்னு அலையாத்திக் காட்டுல விறகு வெட்டுறவங்களே கிட்டப் போகப் பயப்படுவாங்க. அம்மா கண்ணு மூடிக் கிடக்கு ஆஸ்பத்திரியில."

அரவிந்தனுக்கு முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. "நீதானேக்கா சரின்னு சொன்ன!"

போனை நீட்டினான். போட்டோவில் அவன் கையில் ஒரு கொத்து இலை, பின்னால் உப்புத் தண்ணீர். கீழே, 'அக்கா இது சங்கங்குப்பிதானே?' அதற்குக் கீழே அவள் அனுப்பிய கட்டைவிரல்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை காலை. மன்னார்புரம் சிக்னலில் பஸ் நின்றிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், தொல்லை விட்டால் போதும் என்று அழுத்தியது.

"ஒரு கட்டைவிரலை நம்பி ஊருக்கே விப்பியா?" என்று கத்தினாள்.

"பார்க்காமலே எதுக்கு அனுப்பின?" அவனும் கத்தினான்.

எதிர்க்கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசை விட்டுவிட்டுப் பார்த்தார். பானுமதிக்கு அவன் மேல் வந்த கோபம் குறையவே இல்லை. தன் மேலும் அதே அளவு வந்து சேர்ந்துகொண்டது.

"யார் யாருக்கு வித்த, சொல்லு."

வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கியவர்கள் ஐந்து பேர். மற்றவர்கள் வழியில் போனவர்கள். ஐந்து பேருக்கும் போன் போட்டார்கள். ஒரு பெண், பிள்ளையின் காலெல்லாம் வெந்துபோயிருக்கிறது என்று அரவிந்தனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். காலை நல்ல தண்ணீரில் கழுவி உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்து நம்பர் மட்டும் எடுக்கவே இல்லை. அட்ரஸ் இருந்தது. கூடையைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டினார்கள்.

சித்திரை வீதி வீட்டில் யமுனா என்ற அம்மாள் கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தாள். "ரங்கா! இப்பத்தான் அரைச்சு வெச்சேன். ஆத்துக்காரர் முதுகுல தடவலாம்னு இருந்தேன்." கிண்ணத்தோடு கொண்டுவந்து கொடுத்தாள். "என்ன இலைன்னே தெரியாம விப்பேளா?"

அரவிந்தன் கிண்ணத்தை வாங்கிக் கவரில் போட்டுக் கட்டினான்.

"நான்தாங்க சரின்னு சொன்னேன்," என்றாள் பானுமதி. "செடி அடையாளம் பார்க்கிறதுதான் என் வேலை."

"அந்த லட்சணத்துல ஒரு வேலையா?" கதவு சாத்திக்கொண்டது.

மார்க்கெட்டுக்குத் திரும்பியதும் பானுமதி ஒரு தக்காளிப் பெட்டி அட்டையைக் கிழித்தாள். 'வியாழன் முதல் இங்கே சங்கங்குப்பி வாங்கியவர்கள் பூச வேண்டாம். அது தில்லை. கண்ணில் பட்டால் ஆபத்து' என்று பெரிய எழுத்தில் எழுதினாள்.

"இதை மாட்டினா நாளைக்கு யாருக்கா கடைக்கு வருவா?"

"வர வேணாம்."

அவன் அட்டையைப் பிடுங்கினான். கிழிக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் பெட்டியின் மேல் ஏறி அதைக் கடை வாசலில் கட்டினான். 

மூட்டை தூக்கும் பிச்சமுத்து அந்தப் பக்கம் வந்தார். மூட்டையை இறக்கி வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். பிறகு கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினார். தோல் சிவந்து, நீர் கோத்திருந்தது.

"இதுதானா தம்பி?" என்று கேட்டார்.

அரவிந்தன் பெட்டியிலிருந்து இறங்கி பைக் சாவியை எடுத்தான். "ஏறுங்கண்ணே, டாக்டர்கிட்ட போவோம்."