மூன்றாவது பெல்ட்

தையல்காரர் தன் மனைவியின் வயிற்றில் கட்ட மூன்றாவது பெல்ட்டைத் தைத்துக்கொண்டிருந்தார். முதல் பெல்ட் நழுவியது, இரண்டாவது சுருண்டது. இதுவாவது நிற்கட்டும் என்று கான்வாஸ் வைத்து இரட்டைத் தையல் போட்டார். தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தார் என்ற பேச்சே அவர் கடையில் கிடையாது. மனைவியின் தொப்புளில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்த குடலிறக்கம் அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

மூச்சை இழுத்துக்கொள்ளச் சொல்லி இறுக்கிக் கட்டினார். புடைப்பு அமுங்கியது. மனுஷருக்கு வாயெல்லாம் பல்.

அவளுக்கோ உயிர் போனது. வயிற்றை இறுக்க இறுக்க, கீழே பாரம் கூடியது. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது நடந்தாலே உரசியது. பதினோரு வருஷமாக யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தொப்புள் வீக்கத்தை அக்கம்பக்கமெல்லாம் வந்து பார்த்தாயிற்று. இதை எந்த வாயால் சொல்வது? இவ்வளவு ஆசையாகத் தைத்துக் கொடுக்கிறவரிடம் பெல்ட் வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. கட்டிக்கொண்டே கடையின் துணி மூட்டைகளைத் தூக்கினாள், பாவி மகள்.

நான்காம் நாள் காலை எவ்வளவு முயன்றும் சிறுநீர் இறங்கவில்லை. அடிவயிறு கல்லாய்க் கனத்தது. விஷயம் தெரியாத தையல்காரர், பெல்ட் போதவில்லை போலிருக்கிறது, இன்னும் இறுக்கிவிடலாம் என்று அளவு நாடாவோடு வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க மேல இறுக்க இறுக்க எனக்குக் கீழ இறங்குதுங்க" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா முதலில் குழாய் வைத்துச் சிறுநீரை எடுத்தார், பிறகு பரிசோதித்து விளக்கினார். உறுப்புகளைத் தாங்கும் தசையும் சவ்வும் தளர்ந்தால் வயிற்றில் குடல் பிதுங்கலாம், அடியில் கர்ப்பப்பை இறங்கலாம், சில பெண்களுக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம். பாரம் தூக்குவது, ஓயாத இருமல், மலச்சிக்கல் எல்லாம் இரண்டையுமே மோசமாக்கும். இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது என்றார். தையல்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார்.

சிகிச்சைக்கு நாள் குறித்ததும் பக்கத்து வீட்டுப் பெண்கள் பார்க்க வந்தார்கள். தொப்புள் குடலிறக்கம்தானே என்று ஒருத்தி கேட்டாள். தையல்காரர் ஆமாம் போட வாயெடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"கர்ப்பப்பையும் இறங்கியிருக்கு. வெட்கப்பட்டுக்கிட்டுப் பதினோரு வருஷம் சும்மா கஷ்டப்பட்டேன். உங்கள்ல யாருக்காவது இருந்தா மறைக்காதீங்க. தொப்புளைக் காட்டுற டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க. நம்ம உடம்புல அசிங்கமான இடம்னு எதுவும் இல்லை."

தையல்காரர் நாசூக்காக எழுந்து வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் மூலையில் உட்கார்ந்திருந்தவள் மெல்லக் கேட்டாள்.

"அந்த டாக்டரம்மா எந்தெந்த நாள்ல இருப்பாங்க?"