இடது பக்கத் திருகு

என் அண்ணன் தைஸ்தோ ஒரு பயந்தாங்கொள்ளி என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவள் நான்தான். சுப்பீரியர் ஏரியில் இருபது வருடமாக முங்குகிறவன், மூழ்கிய கப்பலில் ஒவ்வொரு வாசலையும் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு இடது பக்கத் திருகைத் தடவிப் பார்ப்பான். அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும்.

முதுகில் இரண்டு சிலிண்டர். இரண்டுக்கும் தனித்தனித் திருகு, தனித்தனி வாய்க்குழல். வலதில் மூச்சு விடுவோம். இடதுபக்கக் குழல் கழுத்தடியில் தொங்கும், ஆபத்துக்கு உதவ. ஜூலையிலும் எங்கள் ஏரியின் அடித்தண்ணீர் ஐஸ் பெட்டிதான். குளிரில் வாய்க்குழல் உறைந்து திறந்தபடி நின்றுவிட்டால் காற்று முழுக்கக் கொட்டிப் போகும். உடனே கூட வருகிறவர் வலது திருகை மூடிவிடுவார், நாம் இடதுக்கு மாறிக்கொள்வோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வோம். ஆனால் தாழ்வான வாசலில் நுழையும்போது இடது திருகு மேல்சட்டத்தில் உரசித் தானாகவே மூடிக்கொள்ளும். அதற்குத்தான் இந்தத் தடவல். தடித்த கையுறையோடு கையை வளைத்துப் பின்னால் கொண்டுபோவது பெரிய தொல்லை. நான் பாதி நேரம் செய்வதில்லை.

அன்று காலை படகில் கேப்டன் பெர்டில் ஏலக்காய் ரொட்டியை நீட்டிக்கொண்டே, "எஞ்சின் ரூம் வாசல் ரொம்பத் தாழ்வு. திருகைப் பாத்துக்கோங்க" என்றார்.

"அண்ணன் பாத்துப்பான், கேப்டன். அவன் சர்ச்சுக்குள்ள நுழைஞ்சாக்கூட முதுகைத் தடவுவான்."

"எது உறைஞ்சாலும் உன் வாய் மட்டும் உறையாது டி, ஐலா" என்றான் தைஸ்தோ. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். காது மட்டும் சிவந்திருந்தது.

'அகஸ்டா லின்ட்' 1911 நவம்பர் பனிப்புயலில் மூழ்கிப் போன நீராவிக் கப்பல். நூற்று எண்பது அடி ஆழத்தில் லேசாகச் சாய்ந்து கிடக்கிறது. நான் முதலில் நுழைந்தேன். முதுகில் இரும்பு கரகரவென்று உரசியது. உள்ளே எஞ்சின் மூன்று ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் பித்தளைக் கைப்பிடிகள் இன்னும் மின்னின. பின்னாலேயே வந்த தைஸ்தோ என் முகத்தில் விளக்கை அடித்து, தன் தோளைத் தட்டிக் காட்டினான். திருகைப் பார்த்தாயா?

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டேன், சரி. கை பின்னால் போகவே இல்லை.

அவன் விளக்கு கொஞ்ச நேரம் என்மேலேயே நின்றது. பிறகு விலகியது.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. என் வாய்க்குழல் வெடித்ததுபோல் காற்றைக் கொட்ட ஆரம்பித்தது. குமிழிகள் கூரையில் மோத, துரு மழையாக இறங்கியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. அண்ணன் பின்னால் வந்து, பழகியபடி, வலது திருகை மூடினான். சத்தம் நின்றது. கழுத்தடிக் குழலை வாயில் வைத்து இழுத்தேன்.

அரை மூச்சு வந்தது. அடுத்த இழுப்புக்கு ஒன்றுமே இல்லை.

மூடிய கதவை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சினேன். கையைப் பின்னால் கொண்டுபோனேன், விரல் எட்டவில்லை. பொய் சொன்ன அதே கை. அண்ணன் எங்கே, முன்னாலா பின்னாலா, வாசல் எந்தப் பக்கம், எதுவும் தெரியவில்லை. சாகப் போகிறேன் என்று நினைத்தேன். அப்படியே, அந்த வார்த்தையிலேயே நினைத்தேன். விளக்கைக் கண்டபடி ஆட்டினேன். தண்ணீரைக் குடித்துவிடலாம் என்று நெஞ்சு கெஞ்சியது.

இருட்டிலிருந்து ஒரு கை வந்து என் வாயில் குழலைத் திணித்தது. அண்ணன் தன் வாயிலிருந்ததைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, தன் கழுத்தடிக் குழலுக்கு மாறியிருந்தான். நான் விக்கி விக்கி மூச்சு விடும்போது, பின்னால் என் இடது திருகு ஒவ்வொரு சுற்றாகத் திறப்பது முதுகில் கேட்டது.

நேராக மேலே ஓட முடியாது. ஓடினால் ரத்தத்தில் குமிழி கட்டி ஆளை முடக்கிவிடும். படகின் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி, நின்று நின்று ஐம்பது நிமிடம். பல் கிட்டித்தது. அவ்வளவு நேரமும் தைஸ்தோ என் தோள்வாரை விடவில்லை.

படகில் ஏறியதும் அவன் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். "என் கையால ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கணும். என் தப்புதான். இனிமே நான் முங்க மாட்டேன், கேப்டன்."

பெர்டில் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பழி அவனோடு போயிருக்கும்.

"நான் தொடவே இல்லண்ணா," என்றேன். "சும்மா சரின்னு காட்டினேன்."

"தெரியும்" என்றான் அவன்.

"என்ன தெரியும்?"

"உன் கை பின்னால போகலன்னு பாத்தேன்." கையுறையைக் கழற்றினான். "மறுபடி கேட்டா, மேல வந்து எல்லார் முன்னாடியும் சிரிப்பியேன்னு விட்டுட்டேன்."

கீழே அந்த இருட்டில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை.